செக்கண்ட் (ஆங்கிலச் சொல்)

இக்கட்டுரை ஆங்கிலச் சொல் ஒன்றின் பொருளையும் வரலாற்றையும் பற்றியது. கால அலகின் இயற்பியல் விளக்கத்துக்கு நொடி என்னும் கட்டுரையைப் பார்க்க.

செக்கண்ட் என்பது "இரண்டாம்" அல்லது "இரண்டாவது" என்னும் பொருள் தரும் ஆங்கில வரிசை எண்ணுப்பெயர் ஆகும். ஒரு மணி நேரத்தில் 3600இல் ஒரு பங்கான கால அலகும், ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கான கோண அலகும் இதே பெயரால் வழங்குகின்றன. தீர்மானத்தை வழிமொழிதல், போட்டியாளருக்குத் துணை நிற்றல், ஊழியரை வேறு இடத்துக்குத் தற்காலிகமாக அனுப்புதல் ஆகிய பொருள்களும் இச்சொல்லுக்கு உண்டு. இவை தொடர்பற்ற பொருள்கள் போலத் தோன்றினாலும், "பின்தொடர்தல்" என்னும் ஒரே வேர்ப்பொருளிலிருந்து கிளைத்தவையே.

இச்சொல்லுக்கும் "இரண்டு" என்னும் எண்ணுக்கும் சொற்பிறப்பு அடிப்படையில் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆங்கிலத்தில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் என்பவற்றைக் குறிக்கும் சொற்கள் அவ்வவ் எண்களின் பெயரிலிருந்தே பிறந்துள்ளன. முதலாவதும் இரண்டாவதும் மட்டும் இவ்விதிக்கு விலக்கு. முதலாவதைக் குறிக்கும் ஃபர்ஸ்ட் என்பது "முன்" எனப் பொருள்படும் பழைய செருமானியச் சொல்லின் உச்சநிலை வடிவம். "எல்லாவற்றிலும் முன்னால் உள்ளது" என்பது அதன் நேர்ப்பொருள். செக்கண்ட் அதுவும் அன்று. அது கடன் வாங்கப்பட்ட சொல். ஆங்கிலத்தின் அடிப்படை வரிசை எண்ணுப்பெயர்களுள் பிரெஞ்சு வழியாக வந்தது இது ஒன்றே.

சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் செக்குவி என்னும் வினைச்சொல் "பின்தொடர்" எனப் பொருள்படும். அதிலிருந்து செகுந்துஸ் என்னும் பெயரடை தோன்றியது. "பின்தொடர்கின்ற", "அடுத்து வருகின்ற" என்பது அதன் முதற்பொருள். ஒன்றை அடுத்து வருவது இரண்டாவதாகவே இருக்கும் என்பதால், அச்சொல் வரிசை எண்ணுப்பெயராகவும் பயன்பட்டது. உரோமானியர் இதனை ஆட்பெயராகவும் வைத்துக்கொண்டனர். இயற்கை வரலாறு என்னும் பெருநூலை எழுதிய மூத்த பிளினியின் முழுப்பெயர் காயுஸ் பிளினியுஸ் செகுந்துஸ் என்பதாகும்.

உரோமானியக் கடலோடிகளின் வழக்கில் இச்சொல் மற்றொரு பொருளையும் பெற்றது. கப்பலின் பின்னாலிருந்து தொடர்ந்து வீசும் காற்று செகுந்துஸ் எனப்பட்டது. அத்தகைய காற்று பயணத்துக்கு உதவுவது என்பதால் "சாதகமான", "அனுகூலமான" என்னும் பொருளும் சொல்லில் ஏறியது. ஆற்றின் நீரோட்டத்தோடு செல்வதையும் இச்சொல்லாலேயே குறித்தனர். ஒருவருக்குச் சாதகமாக நில், அவரை ஆதரி என்னும் பொருளில் பின்னாளில் எழுந்த வினைச்சொல்லுக்கு இந்தப் பின்காற்றே மூலம்.

செகுந்துஸ் பழைய பிரெஞ்சில் செக்கோந்து என்றாகி, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தினுள் நுழைந்தது. 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அரசவை, நீதிமன்றம் ஆகியவற்றின் மொழியாகப் பிரெஞ்சு நெடுங்காலம் இருந்ததை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

செக்குவி என்னும் வினையின் வேர் இந்தோ ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் காணப்படுகிறது. "உடன் செல்கிறான்" எனப் பொருள்படும் சமசுக்கிருதச் சசதே என்னும் வினை அதற்கு உறவானது. சமூகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான சொசைட்டிக்கு மூலமான இலத்தீன் சொசியுஸ் (தோழன்) என்பதையும், நண்பனைக் குறிக்கும் சமசுக்கிருதச் சொல்லையும் இவ்வேரோடு இணைப்பது மொழியியலாளரிடையே பரவலான கருத்தாகும். அதன்படி பார்த்தால், தமிழில் வடசொல்லாக வழங்கும் சகா, சகி என்பனவும் ஆங்கிலத்தின் செக்கண்டும் தொலைவான உறவினர்.

முன்பு இருந்த சொல்

பழைய ஆங்கிலத்தில் இரண்டாவதைக் குறிக்கச் சொல் இல்லாமல் இருக்கவில்லை. இன்று "மற்ற", "வேறு" என்னும் பொருளில் வழங்கும் அதர் என்னும் சொல்லின் பழைய வடிவமே அப்பணியைச் செய்தது. "முதலாவது, மற்றது, மூன்றாவது, நான்காவது" என்றே பழைய ஆங்கிலேயர் எண்ணினர். இரண்டே பொருள்கள் இருக்கும் இடத்தில் இதனால் குழப்பம் இல்லை. வரிசை நீளும்போது, "மற்ற நாள்" என்பது இரண்டாம் நாளா, வேறொரு நாளா என்பது இடம் நோக்கியே அறியப்பட வேண்டியிருந்தது. பிரெஞ்சிலிருந்து வந்த செக்கண்ட் இக்குழப்பத்தைத் தீர்த்தது. அன்றாட வழக்கில் வேரூன்றிய அடிப்படை எண்ணுப்பெயர் ஒன்றை அயற்சொல் இடம்பெயர்ப்பது அரிது. இங்கே அது நிகழ்ந்ததற்கு இத்தேவையே காரணம் எனச் சொற்பிறப்பு அகராதிகள் கூறுகின்றன.

பழைய சொல் முழுதும் மறைந்துவிடவில்லை. "எவ்ரி அதர் டே" என்னும் தொடரில் அதர் என்பது இன்றும் "இரண்டாவது" என்னும் பழம்பொருளையே தாங்கி நிற்கிறது. "ஒவ்வொரு இரண்டாம் நாளும்", அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள், என்பது அதன் பொருள். ஆங்கிலம் கற்கும் மாணவர் இதனை "மற்ற எல்லா நாள்களும்" எனப் பிறழ உணர்வது உண்டு. மருந்துச் சீட்டில் இத்தொடர் வருமானால் அப்பிழை சிறிய பிழையன்று.

பழைய ஆங்கிலத்தில் ஒன்றரை என்பதை "மற்றது அரை" என்று சொல்லும் வழக்கமும் இருந்தது. முதலாவது முழுமையாக உள்ளது, இரண்டாவது அரையாக உள்ளது என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தில் இது வழக்கொழிந்தது. செருமன் மொழியில் ஒன்றரையைக் குறிக்கும் ஆன்டர்ட்ஹால்ப் என்னும் சொல்லும், தேனிய மொழியின் ஹால்வான்டன் என்னும் சொல்லும் இம்முறையில் அமைந்து இன்றும் வழங்குகின்றன.

பிற மொழிகளில்

"மற்றது" என்பதை "இரண்டாவது" என்பதற்கு ஆளும் முறை சுவீடிய, தேனிய மொழிகளில் இன்றும் நீடிக்கிறது. இலித்துவேனிய மொழியில் இரண்டாவதைக் குறிக்கும் அந்த்ராஸ் என்னும் சொல், "வேறு" எனப் பொருள்படும் சமசுக்கிருத அந்தர என்பதற்கு உறவானது. செருமன் மொழியும் முன்னர் இவ்வாறே எண்ணியது. பின்னர் இரண்டு என்னும் எண்ணிலிருந்து புதிய சொல்லை ஆக்கிக்கொண்டது. ஆங்கிலம் கடன் வாங்கித் தீர்த்த சிக்கலைச் செருமன் தன் கைம்முதலால் தீர்த்துக்கொண்டது எனலாம்.

பிரெஞ்சில் செக்கோன் என்பதோடு, இரண்டு என்னும் எண்ணிலிருந்து பிறந்த தூசியேம் என்னும் சொல்லும் உண்டு. இரண்டே உறுப்புகள் கொண்ட வரிசையில் முன்னதையும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவை உள்ள வரிசையில் பின்னதையும் ஆள வேண்டும் என்று சில இலக்கண ஆசிரியர்கள் வற்புறுத்தினர். இரண்டாம் உலகப் போரை எச்சொல்லால் குறிப்பது என்பதில் இவ்விதி சற்று அச்சந்தரும் பொருளைப் பெறுகிறது. முன்னதை ஆள்வோர் மூன்றாவது போர் வராது என நம்புவோர் என்று பிரெஞ்சுக்காரர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

கிரேக்க மொழியின் தியூத்தெரோஸ் என்பதும், தோற்றத்தில் ஒத்திருப்பினும், இரண்டைக் குறிக்கும் தியோ என்பதிலிருந்து வந்தது அன்று எனக் கருதப்படுகிறது. "பின்தங்கு", "குறைவுபடு" எனப் பொருள்படும் வினையோடு அதனை ஆய்வாளர் தொடர்புபடுத்துகின்றனர். ஐதரசனின் ஓரிடத்தானான தியூத்தேரியத்தின் பெயர் இதிலிருந்து அமைந்தது. சமசுக்கிருத துவிதீய மட்டும் ஐயத்துக்கு இடமின்றி இரண்டு என்னும் எண்ணிலிருந்தே பிறந்தது.

கால அலகாக

கால அலகுக்கு "இரண்டாவது" என்று பெயர் வந்தது ஏன் என்பது பலருக்கும் எழும் வினா. விடை அறுபதால் வகுக்கும் முறையில் உள்ளது.

பழைய பாபிலோனியர் பின்னங்களை அறுபதின் அடிப்படையில் எழுதினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி தம் வானியல் நூலில் பாகையை இம்முறையில் பிரித்தார். இடைக்கால இலத்தீன் நூல்களில், ஒரு பாகையை அறுபதாகப் பிரித்துப் பெறும் பங்கு "முதலாம் சிறுபங்கு" எனவும், அதனை மீண்டும் அறுபதாகப் பிரித்துப் பெறும் பங்கு "இரண்டாம் சிறுபங்கு" எனவும் பெயர் பெற்றன. சிறுபங்கு என்பதற்கான இலத்தீன் சொல் மினுத்தா. நாளடைவில் முதலாவதன் பெயரில் "முதலாம்" என்பது உதிர்ந்து மினிட் எஞ்சியது. இரண்டாவதன் பெயரில் "சிறுபங்கு" என்பது உதிர்ந்து செக்கண்ட் எஞ்சியது. ஆகவே நிமிடம் என்பதன் ஆங்கிலப் பெயருக்குச் "சிறியது" என்றும், நொடி என்பதன் ஆங்கிலப் பெயருக்கு "இரண்டாவது" என்றும் மட்டுமே பொருள். கோண அளவில் கலைக்கு ஒரு கோடும், விகலைக்கு இரு கோடுகளும் எண்ணின் மேல் இடுவது இந்த முதலாம், இரண்டாம் என்னும் வரிசையின் எச்சமேயாகும்.

பிரிவு இரண்டோடு நிற்கவில்லை. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி அல்-பிரூனி மணி நேரத்தை இரண்டாம், மூன்றாம், நான்காம் பங்குகள் வரை பிரித்துக் கணக்கிட்டார். 1267இல் இங்கிலாந்தின் ரோஜர் பேக்கன் முழுநிலாக்களின் நேரத்தை அவ்வாறே நான்காம் பங்குவரை குறித்தார். இன்று மூன்றாம் பங்கு வழக்கில் இல்லை. நொடிக்குக் கீழ் பதின்மப் பின்னங்களே பயன்படுகின்றன. அரபு மொழியில் நொடியைக் குறிக்கும் தானியா என்னும் சொல்லுக்கும் "இரண்டாவது" என்றே பொருள். நிமிடத்துக்குரிய தக்கீக்கா என்னும் சொல்லுக்கு "நுண்ணியது" என்று பொருள்.

ஆங்கிலத்தில் இதனை எளிய நடையில் விளக்கிய தொடக்ககால நூல்களுள் ஒன்று கவிஞர் ஜெஃப்ரி சாசர் 1391இல் எழுதிய அஸ்ட்ரோலேப் பற்றிய உரைநடை நூல். பத்து வயதுச் சிறுவனான தம் மகன் லூயிக்காக அதை எழுதிய சாசர், பாகைக்கு 60 கலைகள், கலைக்கு 60 விகலைகள் எனச் சொல்லி, இவ்வாறே எல்லையின்றிப் பிரித்துக்கொண்டே போகலாம் என்கிறார்.

இவை அனைத்தும் தாளில் மட்டுமே இருந்த அளவுகள். சாசர் காலத்துக் கோபுரக் கடிகாரங்கள் மணியை அடித்தன. நொடியை அளக்கும் கருவி எவரிடமும் இல்லை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நொடிமுள் கொண்ட கடிகாரங்கள் தோன்றின. 1587இல் டைக்கோ பிராகி தம் வானாய்வகத்துக் கடிகாரங்கள் நான்கும் ஒன்றோடொன்று சில நொடிகள் முரண்படுவதாகக் குறைபட்டுக்கொண்டார். நொடிகளைப் பற்றி முறையிடும் அளவுக்குக் கருவி முன்னேறியிருந்தது என்பதையே இது காட்டுகிறது. 1656இல் கிறித்தியான் ஐகன்சு ஊசல் கடிகாரத்தை அமைத்த பின்னரே நொடி நம்பத்தக்க அளவாயிற்று. ஒரு பக்க வீச்சுக்கு ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99.4 சென்டிமீட்டர். இந்நீளத்தையே நீள அலகாகக் கொள்ளும் திட்டம் 1790இல் பிரான்சில் முன்வைக்கப்பட்டு, மறு ஆண்டு கைவிடப்பட்டது. புவியின் நெடுவரையை அடிப்படையாகக் கொண்ட மீட்டர் அதன் இடத்தைப் பிடித்தது.

நெடுங்காலம் நொடி என்பது சராசரி ஞாயிற்று நாளின் 86,400இல் ஒரு பங்காகவே இருந்தது. புவியின் சுழற்சி சீரானதன்று எனத் தெரிந்த பின்னர் அவ்வரையறை பயன்படவில்லை. 1967 முதல், சீசியம்-133 அணுவின் இரு குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளுக்கு இடையிலான மாற்றத்துக்குரிய கதிர்வீச்சு 9,192,631,770 முறை அலைவுறும் காலமே ஒரு நொடி. அதாவது, மணி நேரத்தைப் பிரித்து நொடியைப் பெற்ற நிலை மாறி, இன்று நொடியைப் பெருக்கியே மணி நேரம் பெறப்படுகிறது. இரண்டாம் சிறுபங்காகப் பிறந்த ஒன்று முதன்மை அலகாகிவிட்டது. பெயரில் மட்டும் "இரண்டாவது" நிலைத்துள்ளது.

அணுக் கடிகாரத்தைப் புவியின் சுழற்சியோடு பொருத்துவதற்காக 1972 முதல் 2016 இறுதிவரை 27 நெட்டாண்டு நொடிகள் கூட்டப்பட்டன. கணினி வலையமைப்புகளில் இவை இடர் விளைவித்ததால், 2035ஆம் ஆண்டுக்குள் இம்முறையைக் கைவிட எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு 2022இல் முடிவு செய்தது.

துணை நிற்பவர்

ஐரோப்பிய நாடுகளில் மானப் பிரச்சினைகளுக்காக இருவர் தனிச்சண்டையிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டுவரை இருந்தது. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணைவர் உடன் வருவார். அவருக்குப் பெயர் செக்கண்ட். ஆயுதங்களைச் சரிபார்ப்பதும், தொலைவை அளப்பதும், சண்டை முறைப்படி நடக்கிறதா எனக் கண்காணிப்பதும் அவரது கடமை. அதனினும் முதன்மையான கடமை, சண்டை நடவாமலே இருதரப்பையும் சமாதானப்படுத்த முயல்வதாகும். 1777இல் அயர்லாந்தில் வகுக்கப்பட்ட விதித்தொகுப்பு இதனை வெளிப்படையாகவே கட்டாயமாக்கியது. துணைவர்களே தமக்குள் பிணங்கிச் சுட்டுக்கொள்ள முடிவு செய்தால், அதை முதல்வர்கள் சுடும் அதே நேரத்தில், அவர்களுக்குச் செங்குத்தாக நின்று செய்ய வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு.

இந்திய வரலாற்றிலும் இத்தகைய துணைவர்கள் இடம்பெறுகின்றனர். 1780ஆம் ஆண்டு ஆகத்து 17 அன்று கல்கத்தாவில் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்சும், அவரது அவை உறுப்பினர் பிலிப் பிரான்சிசும் கைத்துப்பாக்கியால் சண்டையிட்டனர். ஹேஸ்டிங்சுக்குக் கர்னல் பியர்சும், பிரான்சிசுக்குக் கர்னல் வாட்சனும் துணை நின்றனர். பிரான்சிசு காயமடைந்தார், உயிர் பிழைத்தார். அச்சண்டையின் விவரங்கள் பியர்சு எழுதிவைத்த குறிப்பால் நமக்குத் தெரியவருகின்றன.

தனிச்சண்டை மறைந்த பின்னரும் சொல் குத்துச்சண்டையிலும் சதுரங்கத்திலும் தங்கிவிட்டது. சதுரங்கத்தில் செக்கண்ட் என்பவர் போட்டியாளருக்காகத் திறப்பு நகர்வுகளை ஆராய்ந்து தரும் வல்லுநர். 2008இல் செருமனியின் பான் நகரில் விசுவநாதன் ஆனந்த் விளாதிமிர் கிராம்னிக்கை வென்று உலக வாகையர் பட்டத்தைத் தக்கவைத்தபோது, பீட்டர் ஐன் நீல்சன், ருசுதம் காசிம்சானொவ், சூர்ய சேகர் கங்குலி, இரடோசுலாவ் வோய்தாசெக் ஆகிய நால்வர் அவருக்கு இப்பணியைச் செய்தனர்.

அவை நடைமுறையில், ஒருவர் முன்மொழிந்த தீர்மானத்தை மற்றொருவர் வழிமொழிவதையும் இச்சொல் குறிக்கும். குறைந்தது இருவராவது விரும்பாத ஒன்றில் அவையின் நேரம் செலவாகக் கூடாது என்பதே இந்நடைமுறையின் நோக்கம். எனவே வழிமொழிபவர் தீர்மானத்தை ஏற்கிறார் என்று கட்டாயமில்லை. அது விவாதிக்கப்பட வேண்டும் என்று மட்டுமே அவர் கருதக்கூடும். 1876இல் முதலில் வெளியாகி, அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ராபர்ட் விதிகளின் மரபு இதுவே.

ஊழியர் ஒருவரைத் தம் நிறுவனத்திலிருந்து விலக்காமலே வேறோர் அமைப்பில் சிறிது காலம் பணிபுரிய அனுப்புவதும் பிரித்தானிய வழக்கில் இதே எழுத்துகளால் எழுதப்படும். ஆனால் அங்கு ஒலியழுத்தம் இரண்டாம் அசையில் விழும். படைத்துறையிலிருந்து வந்த இப்பொருள், தமிழ்நாட்டு அலுவலக வழக்கில் அயற்பணி எனப்படுவதற்கு நெருக்கமானது.

பிற வழக்குகள்

சிறு குறையுள்ள பொருள்களைத் தரம் பிரித்து விற்கும்போது அவை செக்கண்ட்ஸ் எனப்படும். பயன்படுத்தப்பட்ட பொருள்களைக் குறிக்கும் செக்கண்ட் ஹேண்ட் என்பதில் கை என்பது உடைமையாளரைக் குறிக்கிறது. கடிகாரத்தின் நொடிமுள்ளுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் அமைந்தது தற்செயல். திரையரங்குகளின் இரவு இரண்டாம் ஆட்டம் தமிழ்நாட்டில் செக்கண்ட் ஷோ என்றே பரவலாக அறியப்படுகிறது.

பிரித்தானிய வழக்கில் இரண்டாம் தளம் என்பது தரைத்தளத்துக்கு மேல் உள்ள இரண்டாவது தளம். அமெரிக்க வழக்கில் தரைத்தளமே முதலாவது என்பதால், இரண்டாம் தளம் அதற்கு அடுத்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் பிரித்தானிய முறையே பெரிதும் பின்பற்றப்படுகிறது. அமெரிக்க நகரங்களைப் பற்றி மற்றொரு செய்தி: 1993இல் வெளியான ஒரு தொகுப்பின்படி அந்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் தெருப்பெயர் "இரண்டாம்" என்பதே, "முதலாம்" அன்று. முதல் தெருவாக இருக்க வேண்டியது பல ஊர்களில் முதன்மைத் தெரு என்றோ வேறு பெயராலோ அழைக்கப்படுவது இதற்குக் காரணம்.

இலக்கணத்தில் முன்னிலையை ஆங்கிலம் "இரண்டாம்" இடமாக எண்ணுகிறது. சமசுக்கிருத இலக்கணத்தில் படர்க்கையே பிரதம புருஷன், அதாவது முதலாவது. முன்னிலை மத்தியம புருஷன். தன்மை உத்தம புருஷன். இரு மரபுகளையும் ஒப்பிட்டுப் படிப்போர் "முதலாம்" என்னும் சொல்லைக் கண்டதும் தன்மை எனக் கொள்ளலாகாது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் தமிழ்ப் பெயர்கள் எண்களைச் சார்ந்தவை அல்ல என்பதால் இச்சிக்கல் தமிழில் எழுவதில்லை.

தமிழில் ஒப்புமையும் பெயர்ப்பும்

தமிழில் இரண்டாம், இரண்டாவது என்பவை இரண்டு என்னும் எண்ணிலிருந்தே அமைகின்றன. முதல் என்பது மட்டும் ஒன்று என்னும் எண்ணிலிருந்து வந்தது அன்று. இருப்பினும் "பின்தொடர்வது இரண்டாவது" என்னும் இலத்தீன் கருத்துக்கு ஒப்பானது தமிழிலும் உண்டு. நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துகிறது. இங்கு முதல்நூலை அடுத்து நிற்பது "இரண்டாம் நூல்" அன்று, வழிநூல். அதாவது பின்தொடரும் நூல். தீர்மானத்தை வழிமொழிதல் என்னும் தொடரிலும் இதே வழி என்னும் சொல் அமைந்துள்ளது. செக்கண்ட் என்னும் வினையின் வேர்ப்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர்ப்பு அமைவது அரிது.

கால அலகுக்குத் தமிழ்நாட்டில் நொடி, வினாடி என்னும் சொற்களும், இலங்கைப் பாடநூல்களில் செக்கன் என்னும் சொல்லும் வழங்குகின்றன. நொடி என்பது முதலில் விரலை நொடிக்கும் நேரம். மாத்திரையின் அளவைக் கூறுகையில் தொல்காப்பியம் கண்ணிமைப்பதையும் விரல் நொடிப்பதையும் குறிப்பிடுகிறது. கோண அலகுக்கு விகலை என்னும் சொல் உள்ளது.

விநாடி என்னும் சொல்லைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. மரபுவழிக் கணக்கில் ஒரு நாள் 60 நாழிகை. ஒரு நாழிகை 60 விநாடி. ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால், ஒரு விநாடி 24 நொடிக்குச் சமம். விநாடியும் அறுபதால் இருமுறை வகுத்துப் பெற்ற பங்குதான். ஆனால் ஐரோப்பிய முறையில் வகுக்கப்பட்டது மணி நேரம். இங்கு வகுக்கப்பட்டது நாள். புதிய பாடநூல்கள் அச்சொல்லை ஆங்கிலச் செக்கண்டுக்கு ஈடாக ஆளத் தொடங்கியதால், ஒரே சொல்லுக்கு இரு அளவுகள் ஏற்பட்டன. பழைய சாதகக் குறிப்பு ஒன்றில் பிறந்த நேரம் சூரிய உதயத்துக்குப் பின் 10 நாழிகை 30 விநாடி என்று இருப்பதாகக் கொள்வோம். உதயம் காலை 6 மணி எனில், சரியான நேரம் 10 மணி 12 நிமிடம். விநாடியை நொடி எனக் கொண்டு கணக்கிடுபவருக்கு 10 மணி 30 நொடி என்றே கிடைக்கும். கல்வெட்டு, பஞ்சாங்கம் முதலியவற்றிலுள்ள கிரகண நேரங்களை ஆராய்வோருக்கும் இதே இடர் உண்டு. இதனால் அறிவியல் கட்டுரைகளில் நொடி என்னும் சொல்லையே ஆள்வதும், விநாடியைப் பழைய அளவுக்கு மட்டும் ஒதுக்குவதும் நல்லது.